உள்ள வெச்ச பொட்டு

கரண்டு மோட்டாரு கருகற வாசம் இருக்குதே, ரப்பரும் வெல்லமும் சேர்ந்து தீயற மாதிரி மூக்குல ஏறி, தொண்டைல எறங்கி, வயித்துல போயி சம்மணம் போட்டு உக்காந்துக்கும். எனக்கு அது பதினோரு வயசுல உக்காந்தது. போன ஆயுத பூசைக்கு மறுநாள் காலைல எங்க வூட்டுக் கம்ப்யூட்டர்லருந்து அதே வாசம் வந்தப்ப, மருமவ கவிதா "அய்யோ"ன்னு கத்தறதுக்கு முந்தியே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, இது யாரு பார்த்த வேலைன்னு.

மூணாவதோட பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டிட்டு நான் போன எடம், மாரண்டஹள்ளிப் பக்கம் ஒரு "நூல் கொட்டாய்". பட்டுக்கூட்டக் கொதிக்கற தண்ணில போட்டு நூல் எடுப்பாங்க. ஒரு தொட்டிக்கு ரெண்டு பேரு. கொதிதண்ணில கெளறி நூல் நுனியக் கண்டுபுடிக்கறவ ஒருத்தி, அத வாங்கி ராட்டைல வுடறவ இன்னொருத்தி. என் தொட்டில வெரல வேகவெச்சுக்கிட்டவ ஸ்டெல்லா. என்னவிட ரெண்டு வயசு பெரியவ, சர்ச்சுத் தெருவுலருந்து வருவா. நான் தலையத் தூக்காம கைய நீட்டினாப் போதும், நுனி வந்து வெரல்ல ஒட்டும். "வேலை செய்யற எடத்துல என்னடி இளிப்பு"ன்னு மேஸ்திரியம்மா கத்தும். நாங்க சத்தமில்லாம சிரிக்கப் பழகிட்டோம், தோளு மட்டும் குலுங்கும்.

அந்த வருசம் ஆயுத பூசைக்கு, இருக்கறதுலயே சின்னவன்னு சந்தனக் கிண்ணத்த என் கைல குடுத்து, "ஒண்ணையும் வுடாம பொட்டு வையி"ன்னு மேஸ்திரியம்மா சொல்லிருச்சு. எல்லா ராட்டைக்கும் வெச்சேன், தொட்டிக்கு வெச்சேன். மூலைல எல்லா ராட்டையும் சுத்தவைக்கற மோட்டாரு, ஓட்டை ஓட்டையா தகரம் மூடிக்கிட்டு நின்னுச்சு. மேல வெச்சா தகரத்துக்குத்தான பொட்டு, உசுரு உள்ள இருக்குதேன்னு ரொம்ப யோசிச்சு, மிச்ச சந்தனத்த ஓட்டை வழியா ஊத்திவுட்டேன். திரும்பிப் பார்த்தா, பொரிகடல வாங்க வந்த ஸ்டெல்லா வாசப்படில நின்னு பார்த்துக்கிட்டிருக்கா. நான் வாய்மேல வெரல வெச்சேன்.

மறுநாள் சுவிச்சப் போட்டாங்க. "டப்"புன்னு ஒரு சத்தம், புகை, அந்த வாசம். "யாரு தொட்டது?"ன்னு மொதலாளி கேட்டாரு. கொதிக்கற தொட்டி மட்டும் கொளகொளன்னு பேசிக்கிட்டிருந்துச்சு. அப்ப மேஸ்திரியம்மா, "சிலுவ போட்ட புள்ளய பூசை அன்னிக்கு உள்ள வுட்டா வேற என்னாவுங்க?"ன்னுச்சு. ஸ்டெல்லா என்னையப் பார்த்தா. எனக்கு அப்பன் இல்ல, வேலை போனா வூட்ல உலை வைக்க முடியாதுன்னு அவளுக்குத் தெரியும். நான் என் கால்வெரலப் பார்த்தேன். சோத்துத் தூக்குப்போசிய எடுத்துக்கிட்டு அவ போயிட்டா, அப்பறம் வரவேயில்ல. மோட்டாரச் சரி பண்ணினதுலருந்து நுனி புடிக்கறது என் வேலையாச்சு. வெரலு வெந்துச்சு, அழல.

இப்பக் கவிதா கதைக்கு வரேன். ஓசூர் கம்பெனி ஒண்ணுக்கு வூட்லருந்தே வேலை பார்க்கறா. கம்ப்யூட்டர அவளே சேர்த்துக் கட்டினா. போன்ல பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு சாமானா வாங்கி, திருப்புளிய வாய்ல கவ்விக்கிட்டு. அதுல நடுவுல இருக்கற பலகைக்கு மதர்போர்டுன்னு பேராம், கூட வேலை செய்யற ரம்யா சும்மாவே குடுத்தது. நாமளே கட்டறதுல ஒரு தொல்லை இருக்குதுங்க. கடைல வாங்கினது கெட்டுப்போனா கடைக்காரனத் திட்டலாம். நாம கட்டினது கெட்டுப்போனா, திட்டறதுக்கு ஆளத் தேடணும்.

பூசை அன்னிக்கு தூசி தட்டன்னு கம்ப்யூட்டரோட பக்கவாட்டுத் தகடு கழட்டிக் கெடந்துச்சு. நானும் அருவாமனை, மிக்ஸி, மவனோட வண்டின்னு பொட்டு வெச்சுக்கிட்டே வந்தேன். அம்பது வருசம் ஆச்சே, புத்தி வளர்ந்திருக்குமேன்னு நெனைக்காதீங்க. உள்ள வெச்சேன். கவிதா வர்ற சத்தம் கேட்டதும் ஈரத்துணிய வுட்டு அவசரமாத் தொடச்சுப்புட்டேன்.

காலைல அந்த வாசம். கவிதா போன எடுத்து ரம்யாவப் புடிச்சுக்கிட்டா. "பழுதுன்னு தெரிஞ்சேதான என் தலைல கட்டுன? ஆபீஸ் மீட்டிங்குல நீ மட்டும் வேலைய முடிச்சுக் காட்டணும், என் பேரு வரக் கூடாதுன்னுதான?" ஸ்பீக்கர்ல அந்தப் பொண்ணு, "சத்தியமா நல்லா ஓடுச்சுடி"ன்னு சொல்லச் சொல்ல அழுவுது. பக்கத்துல எம்மவன், "ஆபீஸ்ல யாரையும் நம்பாதன்னு சொன்னனா இல்லியா"ன்னு எண்ணெய ஊத்தறான். கவிதா, "இனிமே எனக்குப் போன் பண்ணாத"ன்னு பொத்தான அமுக்கப் போனா. நான் தலையக் குனிஞ்சா, அதே கால்வெரலு.

"வைக்காத கவிதா. நாந்தான்."

"நீங்க என்னங்கத்த பண்ணீங்க?"

"பொட்டு வெச்சேன். உள்ள. அப்பறம் தண்ணில தொடச்சேன்."

போனுக்குள்ளருந்துதான் மூக்க உறிஞ்சிக்கிட்டே ஒரு கொரலு வந்துச்சு: "பூவும் வெச்சீங்களா, ஆயா?"

"வைக்கறதுக்குள்ள உன் சிநேகிதி வந்துட்டா, கண்ணு."

கவிதா ரெண்டு நாளு எனக்கு சக்கரையில்லாம காப்பி குடுத்தா. ஒரு சொட்டு மிச்சம் வெக்காமக் குடிச்சேன். ஞாயித்துக்கெழமை ரம்யாவே பஸ் ஏறி வந்தா, பையில இன்னொரு பலகையோட. ரெண்டு பேரும் தரைல உக்காந்து கட்டினாங்க. ஒருத்தி கைய நீட்டினா இன்னொருத்தி ஸ்குரூவ வைக்கறா, மூஞ்சியப் பார்க்காமயே. நான் டார்ச்சு புடிச்சுக்கிட்டே ஸ்டெல்லா கதைய அவங்களுக்குச் சொன்னேன். இன்னொரு கைய முதுகுக்குப் பின்னால கட்டிக்கச் சொல்லிட்டாங்க. இப்ப அதுக்கு வெளித்தகட்டுல ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்குது.

நூல் கொட்டாய் இருந்த எடத்துல இன்னிக்கு மண்டபம் கட்டிட்டாங்க. சர்ச்சுத் தெருவுல விசாரிச்சா, அந்தக் குடும்பம் பெங்களூருப் பக்கம் போயி ரொம்ப நாளாச்சுங்கறாங்க. அந்த ஞாயித்துக்கெழமை கம்ப்யூட்டரு ஓடினதும் ரம்யா, "அந்த ஸ்டெல்லா ஆயாவத் தேடிப் பார்க்கலாமா? அவங்க அப்பா பேரு சொல்லுங்க"ன்னு வெரல எழுத்துமேல வெச்சுக்கிட்டு உக்காந்தா.

ரெண்டு வருசம் ஒரே தொட்டில நின்னோம். எனக்கு அப்பன் இல்லைங்கறது அவளுக்குத் தெரியும். அவ அப்பன் பேரு என்னன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்ல.