அந்தோணியம்மாளின் படகும் என் ஜீப் புத்தியும்

படகு மோட்டார் பார்ப்பவனுக்கு முதல் பகை, ஜீப் பார்த்த அனுபவம்தான். கம்பம் ஊரில் எஸ்டேட் ஜீப்புகளைப் பிரித்து மேய்ந்துகொண்டிருந்த என்னை, ஒரு படகு முதலாளி அணைக்குக் கூப்பிட்டார். அக்கரை ஜனங்களை ஏற்றிவரும் அவருடைய மிதவைப் படகு ஆடிக் காற்றில் நகர மறுக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பேரோடு எதிர்காற்றில் கரை சேராவிட்டால் விற்றுவிடுவேன் என்றார். விற்றால், அதை ஓட்டும் அந்தோணியம்மாளுக்கு வேலை போய்விடும். ஸ்பேனர் பிடித்துக் கை கருத்த சகாக்களே, நீங்களும் இப்படி மாட்டியிருப்பீர்கள்.

மூக்கு முங்கியது

ஏற்றத்தில் ஜீப்பின் மூக்கு தூக்காமலிருக்கக் கனத்தை முன்னால் தள்ளுவது எங்கள் வழக்கம். அதே புத்தியில் பேட்டரி, பெட்ரோல் டேங்க், வாழைத்தார், ஆட்கள் எல்லாவற்றையும் படகின் முன்பக்கம் சேர்த்தேன். நடு அணையில் முன்பக்கம் முங்கி, எல்லோர் காலும் நனைந்தது. அந்தோணியம்மாள் பதறாமல் பாதிப் பேரைப் பின்னால் அனுப்ப, படகு நிமிர்ந்தது. கரையேறியதும் வாழைத்தார் கொண்டுவந்த பெண் ஒருவர் சேலையைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "ஏத்தா, அந்த மெக்கானிக்க ஜீப்புக்கே அனுப்பிரு."

ஒரு சாண் பாசி

அடுத்த இரண்டு நாளும் கார்புரேட்டரைக் கழற்றி மாட்டினேன். பிளக் மாற்றினேன், பழைய பெட்ரோலைக் கொட்டிப் புதிது ஊற்றினேன். மோட்டார் அருமையாக ஓடியது, படகுதான் ஊர்ந்தது.

அந்தோணியம்மாள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, மிதவைகளின் அடியிலிருந்து ஒரு கைப் பாசியை அள்ளி என் முன்னால் போட்டார். ஒரு சாண் நீளம். தேங்காய் மட்டையால் இருவரும் சாயங்காலம்வரை தேய்த்தோம். எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் சிரிக்கக்கூட இல்லை. "மாட்டுக்குத் தவிடு வைக்கிறது இருக்கட்டும்ணே, வண்டிச் சக்கரத்துல கட்டை கெடக்கான்னு முதல்ல பாக்கணும்ல."

ஞாயிற்றுக்கிழமை

காலையில் வெள்ளோட்டம் விட்டோம். அலை வந்தபோதெல்லாம் மோட்டார் அலறியது, வேகம் கூடவில்லை. "விசிறி தண்ணிக்கு மேல வந்து காத்தக் குடிக்குதுண்ணே" என்றார் அந்தோணியம்மாள். மோட்டாரைப் படகோடு பூட்டும் போல்ட்டைக் கழற்றி, ஒரு துளை கீழே இறக்கி முடுக்கினேன். அவ்வளவுதான்.

மத்தியானம் முதலாளி ஏறினார். பன்னிரண்டு பேர், முகத்தில் அறைகிற காற்று. அந்தோணியம்மாள் மோட்டாரைப் பிடித்து ஓட்டினார். படகு நேராகப் போய்க் கரை தொட்டது. படகு இங்கேயே இருக்கட்டும் என்ற முதலாளி, யார் வேலை இது என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அந்தோணியம்மாள் முந்திக்கொண்டார். அந்த நன்றிக்கடனை எப்படித் தீர்ப்பேனோ தெரியவில்லை. "எல்லாம் எங்க மெக்கானிக் அண்ணன் பாத்தாக. நான் சும்மா பிடிச்சு ஓட்டுனதுதான்."

அவர் கொடுத்த அந்தப் பெயரில்தான் இன்றும் என் பிழைப்பு ஓடுகிறது. சாவதற்குள் ஒரு படகுக் கோளாறையாவது நானாகக் கண்டுபிடித்துவிட்டால் போதும்.