ஒஸ்மானின் இருபது நிமிடம்

எனக்குக் குறும்பு சீக்கிரம் வரும், புத்திதான் லேட். வளைகுடாவில், அல் கூஸ் கிடங்கில் என்னோடு பெட்டி தூக்கும் ஒஸ்மான் சூடான்காரன். சாப்பாட்டு நேரமானால் போனோடு மூலையில் ஒதுங்குவான். காதல்தான் என்று நானே முடிவுகட்டி, ஒருநாள் போனை ஒளித்துவைத்தேன்.

தேடித் தேடிக் கடைசியில் என்னிடம் வந்தான். “பாய், இன்னிக்கு எக்ஸாம். விளையாடாதே,” என்றான் அரைகுறை இந்தியில்.

எடுத்துக் கொடுப்பதற்குள் இருபது நிமிடம் போயிருந்தது. அவன் நாட்டில் ஆட்சிக்கும் தங்கச் சுரங்கங்களுக்குமாக இரண்டு படைகள் அடித்துக்கொண்டதில் அவனுடைய கல்லூரி எரிந்துபோனதாம். வெவ்வேறு நாடுகளுக்குத் தப்பிய ஆசிரியர்கள் போனிலேயே பாடமும் பரீட்சையும் நடத்துகிறார்களாம்.

இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. அந்தப் பேப்பரில் ஒஸ்மான் பெயில்.

“என்னாலதான் பாய்,” என்றேன்.

“ஆமா, உன்னாலதான்,” என்றான். “பில்டிங்கே போச்சு, அப்பவே நாங்க விடல. ஒரு பேப்பருக்கா விடுவேன்? மறுபடி எழுதுவேன். நீ எந்த வருஷம் காலேஜ் முடிச்சே?”

நான் எங்கே முடித்தேன்? என் கல்லூரி ஒரு கல்கூடப் பெயராமல் நிற்கிறது. எந்தச் சண்டையும் இல்லாமலே அங்கே மூன்று அரியர் வைத்துவிட்டு விமானம் ஏறியவன் நான்.

இப்போது மதியத்தில் அந்த மூலைக்கு நான்தான் காவல். வருகிற லீவில் ஊருக்குப் போய் மூன்றையும் எழுதப்போகிறேன்.