புளியமரத்தில் ஏழு ஆணிகள்

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலைகளை மறித்த வாரம் அது. நைனார்பாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சி போகும் வழியில், எங்கள் ஊர் எல்லையில் நின்ற புளியமரத்தைக் காலை ஏழு மணிக்கு வெட்டிச் சாலையின் குறுக்கே சாய்த்தார்கள். பேருந்து நின்றதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. அந்த மரத்துப் பேய்கள் இனி எங்கே போகும் என்பதே பேச்சு.

எங்கள் பக்கத்தில் பேய் பிடித்த பெண்ணின் உச்சிமுடியில் ஒரு கற்றையை அறுத்து, அந்த மரத்தில் வைத்து ஆணி அடிப்பார் பூசாரி. பேய் மரத்தோடு நின்றுவிடும். மொத்தம் ஏழு ஆணிகள். ஏழாவது என் அக்காவுடையது.

அக்காவுக்குப் பேய் பிடித்தது இரண்டு வருடம் முன்பு, அம்மாவின் தம்பி அவளைப் பெண் கேட்டு வந்த அன்று. மாமா அவளைவிடப் பதினாறு வயது மூத்தவர். அப்போது நானும் அக்காவும் ஒரு நோட்டில் சரித்திரக் கதை எழுதிக்கொண்டிருந்தோம். கல்வராயன் மலையில் ஏழு சூனியக்காரச் சகோதரிகள்; கடைசித் தங்கையைக் கவர்ந்துபோகக் குதிரையில் வரும் ஒரு சேனாதிபதி. அக்காவின் பேய் அந்தக் கதையின் வசனத்தையே பேசியது.

"யாருடி நீ?" என்று பூசாரி வேப்பிலையை ஓங்கினார்.

"இம்மலைக்கு அதிபதி நான். அற்பனே, எட்டி நில்!"

அவ்வளவு சுத்தமான தமிழ் பேசும் பேயை அவர் பார்த்ததில்லை. "மரத்துக்கு வந்துடுங்கம்மா" என்று மரியாதைக்கு மாறிவிட்டார். மாமாவும் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட்டார்.

ஆணி அடித்ததும் அக்கா குணமானாள்; ஆகாவிட்டால் வேப்பிலை அடி நிற்காது. ஆணி மரத்தில் இருக்கும்வரை இன்னொரு முறை பேய் பிடிக்கவும் வழியில்லை. இப்போது ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. அவள் போய்ச் சேர்வதற்குள் நிச்சயம் செய்துவிட மாமா வருவதாக இருந்தது, மரம் விழுந்த அன்றைக்குத்தான்.

நாங்கள் ஓடிப்போனபோது ஆறு பெண்கள் அடிமரத்தில் தங்கள் ஆணியைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"இது என்னுதுடி. முடி சுருட்டையா கீது பாரு."

"பக்கத்துலயே என்னுது. மாறி ஏறிக்கினா இன்னா பண்றது?"

"வெச்சிக்க. கோழிக்கறி கேக்கும், அவ்ளோதான்."

கிளை கழிக்கக் கோடரியோடு ஒருவர் வந்தார். "எக்கா, இதுல எத்தினி கீது?"

"ஏழு."

அவர் கோடரியைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டார்.

பிறகு சுருட்டைமுடி அம்மா மெதுவாகச் சொன்னார்: "எனுக்குப் பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல. மாமியா வூட்ல ஒரு வாரம் படுத்துக் கெடக்கணும்னு தோணிச்சி." மற்றவர்களும் ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் மட்டும், "என்னுது நெசம்" என்றார். அவரை யாரும் வற்புறுத்தவில்லை.

மாமா வரப்போவதை அக்கா சொன்னாள்.

பதினொரு மணிக்கு மாமா வெற்றிலைத் தட்டோடு நடந்தே வந்து சேர்ந்தார். ஏழு பேரும் தலைமுடியை விரித்துப்போட்டு மரத்தின்மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் நோட்டோடு இலைகளுக்குள் ஒளிந்திருந்தேன்.

"நில்! எம் எல்லையைத் தாண்டாதே!" என்றாள் அக்கா.

"தாண்டாதே!" என்றார் சுருட்டைமுடி அம்மா. "தாண்டினா... இன்னாடி அது?"

"சாம்பலாவாய்" என்று எடுத்துக் கொடுத்தேன்.

"ஆங், சாம்பலாவாய்!"

நெசப் பேய்க்காரர் மட்டும், "வெயில்ல நடந்து வந்துகிறீங்க, மோர் குடிக்கிறீங்களா?" என்று கேட்டார். மாமா அதற்குத்தான் அதிகம் பயந்தார்.

"எல்லா ஆணியும் கழண்டுக்கிச்சா!" என்றவர் தட்டைத் தார்ச்சாலையிலேயே வைத்தார். "நான் வந்துட்டுப் போனேன்னு அக்காகிட்ட சொல்லிடுங்க" என்று எங்கள் அம்மாவுக்குச் சொல்லிவிட்டு வந்த வழியே நடந்தார். தட்டிலிருந்த வாழைப்பழங்களை ஏழு பேரும் நானும் தின்றோம்.

"அது படிக்கணும்னா படிக்கட்டும்" என்றார் அம்மா, பேயைச் சொல்கிறாரா அக்காவைச் சொல்கிறாரா என்று காட்டாமல். மறியல் முடிந்து ஓடிய முதல் பேருந்தில் அக்கா பயிற்சிப் பள்ளிக்குப் போனாள்.

எங்கள் கதையில் சேனாதிபதி குதிரையேறித் திரும்புவதாக எழுதியிருந்தோம். 'குதிரையேறி' என்பதை அடித்துவிட்டு, 'வெற்றிலைத் தட்டை வைத்துவிட்டு நடந்தே' என்று திருத்தினேன்.