ஆற்றுப்பாதை வழக்கும் அப்பாவின் கடைசிப் பயணமும்

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. எழுதினாலாவது வரும் என்று தங்கை சொன்னதால் எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது சோழபுரம். பஞ்சாலை வேலைக்காக ராஜபாளையம் வந்து, ஆற்றை ஒட்டிய எங்கள் தெருவில் குடியேறினார். ஒரு ஷிப்டு தவறியதில்லை. யாரையும் கடிந்து பேசியதில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் சித்தப்பா இறந்தபோது, சுடுகாட்டுக்குப் போகும் ஆற்றுப்பாதையில் பக்கத்துத் தோப்புக்காரர் வேலி போட்டிருந்தார். பாதை தன் பட்டாவில் வருகிறது என்றார். சித்தப்பாவை மழையில் கடைவீதி வழியாகச் சுற்றித் தூக்கிப்போனோம். கடைக்காரர்கள் முகம் சுளித்துக் கதவைப் பாதி சாத்தினார்கள். வீடு திரும்பியதும் அப்பா என்னிடம் சொன்னார்: "நான் போறப்பவாவது ஆத்து வழியா நேரா போவணும்லே."

அதற்காகவே ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் தெருவின் சார்பாக வழக்குப் போட்டார். பத்தாண்டுக்கு மேல் வாய்தா. வாதிக்கும் பிரதிவாதிக்கும் ஒரே பஸ்தான். "ஏறுங்கய்யா, நீங்க வராட்டி இன்னொரு வாய்தா போட்டுருவாக" என்பார் அப்பா. தோப்புக்காரர் சிரிக்கமாட்டார், ஆனால் ஜன்னலோர இடத்தை அப்பாவுக்கு விடுவார். வழக்கு முடியும்வரை தெருவில் இறந்த அத்தனை பேரும் கடைவீதி வழியாகவே போனார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. வேலியை எடுக்க வேண்டும், மாடு நுழையாமல் கேட் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். தீர்ப்பு நகலை அப்பா தகரப்பெட்டியில் பத்திரப்படுத்தினார். அடுத்த சில மாதங்களில் தெருவில் விழுந்த முதல் சாவு அவருடையதுதான்.

கொள்ளிச்சட்டியோடு முன்னால் போனவன் நான். தெருமுனையில் என் கால்கள் பழக்கத்தில் கடைவீதிப் பக்கம் திரும்பின. தூக்கி வந்தவர்களும் பின்னாலேயே திரும்பினார்கள். பாதி தூரத்தில் பெரியப்பா என் காதருகே, "ஏலே, வழி மாறிட்டியே" என்றார். புறப்பட்ட பாடையைத் திருப்பக்கூடாது. நடந்துகொண்டே இருந்தேன். எனக்கு எதுவும் தோன்றவில்லை. சட்டியின் சூடுகூடத் தெரியவில்லை.

எல்லாம் முடிந்து, ஆற்றில் குளித்துவிட்டு அந்தப் பாதை வழியாகத் திரும்பினோம். பாதை பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது. கேட் திறந்திருந்தது. தோப்புக்காரர் மாலையோடு நின்றிருந்தார்.

"அவிய இப்படித்தான வருவாகன்னு காலையிலயிருந்து நிக்கேன்" என்றார்.



வழக்கை நடத்திய வக்கீல் ஐயாவுக்கும், தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும், பஞ்சாலைத் தோழர்களுக்கும், அன்று சோறாக்கிப் போட்ட பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. தோப்புக்காரர் ஐயாவுக்குத் தனியாக. ஆண்டுத் திதியன்று அந்தப் பாதையிலேயே ஆற்றுக்குப் போகிறோம். முன்னால் நடக்க அவர் சம்மதித்திருக்கிறார். நான் பின்னால் வருகிறேன்.