எருக்கஞ்செடிக்குக் கட்டிய தாலி

"என் பொணத்தத் தாண்டித்தான் அந்த வேதக்காரப் பொண்ணு இந்த வூட்டுக்குள்ள வரணும்" என்று அவனுடைய அம்மா சொல்லியிருந்தார். வேதக்காரப் பொண்ணு நான்தான். எங்கள் வீட்டில் சிலுவை, அவர்கள் வீட்டில் குலசாமி. நாங்கள் இருவரும் தர்மபுரியில் ஒரு பைக் ஷோரூமில் வேலை செய்தோம். நான் பில் போடுகிற இடத்தில், அவன் சர்வீஸில். அந்த அம்மா சொன்ன சொல் மாறாதவர். பிணம் மட்டும்தான் மாறிப்போனது. இரவு மழையில் ஒழுகிய மோட்டார் கொட்டகைக்குள் காலையில் ஃப்யூஸ் பார்க்கப் போனவன் கரண்ட் அடித்துச் செத்தான். இண்டூர்ப் பக்கம் இருந்த அந்த வீட்டுக்குள் நான் முதன்முதலாகப் போனது அன்றைக்குத்தான்.

ஷோரூம் ஆட்களோடு வேனில் போனேன். யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. ஊர் முனையில் அதற்குள் ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார்கள். ஒகேனக்கலில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவன் நிற்கிற படம். எடுத்தவள் நான். கண்ணீர் வடிப்பவர்கள் என்று கீழே போட்டிருந்த வரிசையில் சித்தப்பா, மாமன், நண்பர்கள், அவனோடு ஒரு நாளும் பேசாத பங்காளிகள் எல்லோரும் இருந்தார்கள்.

அழலாம் என்றுதான் போனேன். அழுவதற்கும் ஒரு முறை வேண்டியிருக்கிறது. கூட வேலை செய்கிறவள் எவ்வளவு அழலாமோ அவ்வளவுதான் என்னால் அழ முடிந்தது. அதற்கு மேல் அழுதால் பக்கத்தில் இருக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், செத்தவனுக்குக் கெட்ட பெயர் வரும்.

பிறகு வேரோடு பிடுங்கிய ஒரு எருக்கஞ்செடியைக் கொண்டுவந்தார்கள். கல்யாணம் ஆகாமல் செத்தவன் நிம்மதியில்லாமல் அலைவானாம். அதனால் எடுப்பதற்கு முன்னால் ஒரு கல்யாணம் செய்துவைக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். செடிக்கு மஞ்சள் துணி சுற்றி அவன் பக்கத்தில் சாய்த்து வைத்தார்கள். தட்டில் மஞ்சளும் குங்குமமும் மஞ்சள் கயிறும் இருந்தன. அவனுடைய அத்தை அந்தத் தட்டோடு பெண்கள் பக்கம் வந்து என் முன்னால் நின்றார்.

"ஏம்மா, உனக்குக் கண்ணாலம் ஆயிருச்சா?"

"இல்லீங்க."

"அப்ப இதப் புடி. கண்ணாலம் ஆவாத பொண்ணுதான் எடுத்துக் குடுக்கணும்."

அவருக்கு நான் யாரென்று தெரியாது. தெரிந்த ஒரே ஆள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். என் படத்தை அவன் காட்டியிருக்கிறான். எழுந்து வந்து தட்டைப் பிடுங்குவார் என்று நினைத்தேன். பிடுங்கியிருந்தால் கும்பிட்டிருப்பேன்.

"புடிக்கட்டும் வுடு" என்றார். "இந்த வூட்டுக் கண்ணாலத்துக்குத்தான அவ ஆசப்பட்டா."

பிடித்தேன். மாமன் கயிற்றை எடுத்து அவன் விரலில் தொட்டுவைத்தார். அவன் நகக்கண்ணில் கிரீஸ் கறுப்பு அப்படியே இருந்தது. எத்தனை தடவை தேய்த்தாலும் போகாது என்று சலித்துக்கொள்வான். அந்தக் கயிற்றைச் செடிக்குக் கட்டினார்கள். கெட்டிமேளம் அடிக்கச் சொன்னார்கள், அதையும் அடித்தார்கள். யாரோ என் கையிலும் அட்சதையைத் திணித்தார்கள். நானும் போட்டேன். அடுத்த நிமிடமே கத்தியால் கயிற்றை அறுத்தார்கள். தாலி அறுத்த செடியைச் சுற்றி உட்கார்ந்து நாலு பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அந்தச் செடியின் மேல் எனக்கு வந்த பொறாமையைச் சொன்னால் இன்றைக்கும் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

எங்கள் வீட்டில் அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "ஆண்டவராப் பாத்து ஒரு வழி பண்ணிட்டாரு" என்றார். பங்குக் கோயிலில் நல்லவர் என்று பெயரெடுத்த மனிதர், யாரையும் அடித்ததில்லை. அந்த ஞாயிறு பூசை முடிந்து வரும்போது ஆட்டுக்கறி வாங்கி வந்தார். மாதக் கணக்கில் வீட்டில் சண்டையும் பட்டினியுமாக இருந்ததால் எல்லோருக்கும் ஒரு நல்ல சாப்பாடு வேண்டியிருந்தது. நானும் சாப்பிட்டேன். கறி ருசியாக இருந்தது. இத்தனை கொடுமையிலும் அந்த ருசியைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் அவரவர் செத்தவர்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். என்னுடையவனை அவர்கள் நிலத்தில் புதைத்திருந்தார்கள், அங்கே நான் கால் வைக்க முடியாது. தாத்தாவின் கல்லறையில் ஏற்றிவிட்டு அழுதேன். கிழவருக்கா இவ்வளவு கண்ணீர் என்று பக்கத்தில் ஒரு பெண் கேட்டார். "வளத்த பாசம்" என்று அம்மா சட்டென்று சொன்னார். தாத்தா செத்தபோது எனக்கு இரண்டு வயது.

அடுத்த வருஷம் ஏரியூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா கேசரியைக் கையில் வைத்துக்கொண்டு, "எங்களுக்கு ஒளிவு மறைவு ஆவாதுங்க" என்றார். நல்ல மனுஷியாகத் தெரிந்தார்.

"எனக்கு ஒருத்தரு இருந்தாரு, செத்துட்டாரு" என்றேன். "அந்தத் துக்கம் இன்னும் தீரலீங்க. மறச்சு வச்சுட்டு உங்க வூட்டுக்கு வர முடியாது."

ஒளிவு மறைவு ஆகாதவர் கேசரியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துகொண்டார். கார் போன பிறகு அம்மா சொன்னார்: "நீயும் அவங்கூடவே போயிருக்கலாம்." கோபத்தில் வந்த பேச்சு என்று எல்லோரும் சமாதானம் சொல்கிறார்கள். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். நிதானமாகத்தான் சொன்னார்.

தர்மபுரியிலேயே ஒரு மாடி அறை பார்த்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கார அம்மா, தனியாக ஏன் இருக்கிறாய் என்று கேட்டார். இனி யாருக்கும் பொய் சொல்வதில்லை என்று இருந்ததால் எருக்கஞ்செடி வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லி, அவன்தான் என் புருஷன் என்றேன்.

"தாலி கட்டாம எப்படி புருஷன்?" என்றார்.

"கட்ட வுடலீங்க."

காலி செய்யச் சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தேன், சொல்லவில்லை.

போன தை மாதம் அவர் மகளுக்கு வளைகாப்பு. நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு போனேன். கல்யாணமாகாத பெண்கள் அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். நானும் போய் நின்றேன். வீட்டுக்கார அம்மா வந்து என் முழங்கையைப் பிடித்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க இப்படி ஓரமா உக்காருங்க" என்றார் தாழ்ந்த குரலில். "உங்க வூட்டுக்காரரு போயிட்டாருல்லங்க."

வேறொரு பெண்ணை இப்படி ஓரம் கட்டியிருந்தால் அந்த வீட்டை இரண்டாக்கியிருப்பேன். அது அசிங்கமான வழக்கம், இப்போதும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை. அவன் அம்மா தராததை, என்னைப் பெற்றவர்கள் தராததை, இந்த அம்மா ஒரு அவமானமாகக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். ஓரத்தில் போய் உட்கார்ந்தேன். அழுகை வந்தது. கூட வேலை செய்கிறவளின் அழுகை இல்லை. வாய்விட்டு அழுதேன். சந்தனக் கிண்ணத்தோடு நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நல்ல காரியம் நடக்கற எடத்துல இப்படி அழலாமாம்மா?" என்று ஒருவர் அதட்டினார்.

"புருஷன் செத்தவ வேற என்னங்க பண்ணுவா?" என்றேன்.

கூடம் நிறையப் பெண்கள் இருந்தார்கள். யாரும் மறுத்துச் சொல்லவில்லை.