இரண்டு கரைக்கும் ஒரே விசில்

மாவட்ட விளையாட்டுக் கழகத்தின் கையேடு நடுவரை இப்படி வரையறுக்கிறது: ‘நடுவர் என்பவர் போட்டியிடும் இரு பள்ளிகளோடும் பிறப்பாலோ, மண உறவாலோ, தொழிலாலோ எவ்விதத் தொடர்பும் அற்றவராகவும், திடமான உடலும் கூரிய பார்வையும் உடையவராகவும், எந்நிலையிலும் முகத்தில் உணர்ச்சி காட்டாதவராகவும் இருத்தல் வேண்டும்.’

மோட்டார்காரர் பிறந்தது கால்வாயின் வடகரையில். கல்யாணம் செய்துகொண்டு மாமனார் வீட்டோடு தங்கியது தென்கரையில். பட்டறை வைத்திருந்தது இரண்டுக்கும் நடுவே, பாலத்தை ஒட்டி. இரு கரைத் தோட்டங்களிலும் தண்ணீர் இறைக்கும் மோட்டார் எது நின்றுபோனாலும் அவர்தான் போய் அதன் வயிற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உடலில் திடமாக இருந்தது தொப்பை மட்டுந்தான். கூரிய பார்வைக்காகக் கண்ணாடி போட்டிருந்தார். முகத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சந்தோஷமாக இருக்கும்போதுகூட யாரோ காலை மிதித்துவிட்டது போலத்தான் இருக்கும்.

இரண்டு கரைக்கும் ஆளுக்கொரு மேல்நிலைப் பள்ளி. வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டும் வாலிபாலில் மோதும். ஜெயித்த அணி மாவட்டப் போட்டிக்குப் போகும். பையன்களின் ஆட்டம் வேலிக் கம்புச் சண்டையில் முடிந்ததால் அதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். பெண்கள் ஆடினால் கண்ணியமாக இருக்கும் என்று பெரியவர்கள் கணக்குப் போட்டார்கள். பெண்கள் கண்ணியமாகத்தான் ஆடினார்கள். பார்க்க வரப்போகிற அப்பாக்களைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

முதலில் கையேட்டின்படி வெளியூர் நடுவர்கள் வந்தார்கள். அவர்களை இரண்டு கரைக்கும் தெரியாது, அதனாலேயே இரண்டு கரையும் சந்தேகப்பட்டது. யார் எவரென்றே தெரியாத ஒருத்தனை எப்படி நம்புவது? ஒருவருடைய சைக்கிள் கால்வாய்க்குள் போனது. இன்னொருவர் பாதி ஆட்டத்தில் ஒன்றுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று போனார், போனவர் போனவர்தான். கடைசியில் இரண்டு தலைமையாசிரியர்களும் உட்கார்ந்து பேசி, நடுவர் தேர்வு எழுதித் தேறியிருந்த ஒரே உள்ளூர்க்காரரான மோட்டார்காரரைக் கூப்பிட்டார்கள். அண்ணன் வடகரையில், மச்சான் தென்கரையில். அழுக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவு. இதைவிட நடுநிலை எங்கே கிடைக்கும்?

ஒரே ஒரு நிபந்தனை. அவருடைய பிள்ளை எந்த அணியிலும் ஆடக் கூடாது. அதுவும் சரிதான் என்று அவர் தலையாட்டினார். பிள்ளை அப்போது நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணே ஒண்ணு பெத்துட்டோம். ரெண்டு பொண்ணா இருந்திருந்தா கரைக்கு ஒண்ணா விட்டிருக்கலாம்” என்பாள் மனைவி. அந்த நாட்களில் அது வெறும் தமாஷ்.

நடுவர் நிற்கும் உயரமான இரும்பு மேடையை அவரே பட்டறையில் வெல்டிங் செய்தார். மற்ற நாட்களில் அவர் பேச்சு எங்கும் எடுபடாது. தென்கரை வீட்டில் கூரை மாமனாருடையது. வடகரை வீட்டுக்குப் போனால், “நீ இப்ப அந்தக் கரைக்காரன், சும்மா இருடா” என்று அண்ணன் வாயை அடைத்துவிடுவார். அந்த மேடையில் ஏறி விசிலை ஊதினால் மட்டும் அத்தனை பேரும் வாயை மூடுவார்கள். அடுத்த நொடி திட்டுவதற்காகத்தான் என்றாலும், மூடுவார்கள். அவருக்கு அது பிடித்திருந்தது. எவ்வளவு பிடித்திருந்தது என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை, தன்னிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

நியாயத்துக்கு அவர் கொடுத்த விலையும் கொஞ்சமில்லை. ஒரு முறை அண்ணன் மகளின் விரல் வலையில் பட்டதென்று விசில் ஊதினார். அந்தக் கோடை முழுக்க அண்ணன் தன் பழுதான மோட்டாரை மாட்டு வண்டியில் ஏற்றிச் சந்தை ஊருக்குக் கொண்டுபோய்ச் சரிபார்த்தார், அதுவும் தம்பி பட்டறை வாசல் வழியாகவே. மறு வருஷம் தென்கரைக்கு எதிராக ஒரு பந்தை அவுட் என்றார். மாமனார் அவரோடு சேர்ந்து சாப்பிட உட்காருவதை நிறுத்திவிட்டார்.

இதற்கிடையில் நடக்கப் பழகியவள் வளர்ந்து தென்கரைப் பள்ளிக்குப் போய்விட்டாள்.

பட்டறைக்குப் பின்னால் ஒரு பழைய பந்தைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பள்ளி விட்டு வந்ததும் அவள் அதற்குக் கீழே நின்று, இரண்டு கை விரல்களாலும் அதைத் தூக்கித் தூக்கி விடுவாள். செட்டர் வேலை அது. தான் அடிப்பதற்கல்ல, அடிக்கப் போகிறவளுக்குப் பந்தை எடுத்துக் கொடுப்பதற்கு. அவள் விரலில் பந்து பட்ட சத்தமே கேட்காது. மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டே மோட்டார்காரர் காது கொடுத்துக் கேட்பார். ஒன்றும் கேட்காதபோதெல்லாம் அவருக்கு உள்ளுக்குள் குளிரும்.

ஒன்பதாம் வகுப்பில், “அடுத்த வருஷம் பாத்துக்கலாம் பாப்பா” என்றார். பத்தாம் வகுப்பில் பரீட்சை இருந்தது. அதற்கடுத்த வருஷம், “வேற ஆள் தேடச் சொல்லியிருக்கேன்” என்றார். சொல்லியும் இருந்தார், கொஞ்சம் மெதுவான குரலில். அந்த வருஷங்களில் அவள் பயிற்சியில் மட்டும் ஆடினாள். போட்டி நாளில் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெஞ்சில் உட்காருவது என்னவென்று அவருக்குத் தெரியாததல்ல. வடகரைப் பள்ளியில் அவரே ஒரு போட்டியும் ஆடாமல் அப்படி உட்கார்ந்தே படித்து முடித்தவர்தான்.

பள்ளியின் கடைசி வருஷம், அவர் தாமாகவே சொன்னார். மனைவியை வைத்துக்கொண்டுதான் சொன்னார்.

“இந்த வருஷம் விசில் கிடையாது. நீ ஆடு. நான் கீழ நின்னு பாக்கறேன்.”

“கத்துவியா?” என்றாள் மகள்.

“எதுக்குக் கத்தணும்?”

“எல்லா அப்பாவும் கத்துவாங்கல்ல? நான் நல்லா தூக்கிக் குடுத்தா நீயும் கத்தணும்.”

“கத்தறேன்.”

“அவருக்குக் கத்தத் தெரியாதுடி, ஊதத்தான் தெரியும்” என்றாள் மனைவி. மூன்று பேரும் சிரித்தார்கள்.

சந்தை ஊர்த் தபாலாபீஸ் கிளார்க் ஒருவர் நடுவராக வரச் சம்மதித்தார். மெலிந்த, மரியாதையான மனிதர். பழகிக்கொள்ளட்டும் என்று ஒரு பயிற்சி ஆட்டத்துக்கு அவரை வரவழைத்தார்கள். கோட்டை ஒட்டி விழுந்த ஒரு பந்தை அவர் அவுட் என்றார். தென்கரைக் கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து போய் அவரைக் கன்னத்தில் அறைந்தார். அறைந்தது மோட்டார்காரரின் மச்சான், மனைவியின் தம்பி. கிளார்க் விசிலைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தார்.

இரண்டு நாள் கழித்துப் பட்டறை வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் தென்கரைப் பள்ளியின் விளையாட்டு வாத்தியார். பின்னால் உட்கார்ந்திருந்தது வடகரைப் பள்ளியின் விளையாட்டு டீச்சர்.

“ரெண்டு கரையும் ஒரே வண்டியிலயா? உலகம் அழியப்போகுதா சார்?” என்றார் மோட்டார்காரர்.

“அழிஞ்சிடுச்சுண்ணே” என்றார் வாத்தியார். “கிளார்க் வரமாட்டாராம். அறை வாங்கின கதை மாவட்டம் பூரா பரவிடுச்சு, வேற ஒருத்தனும் வரமாட்டேங்கிறான். ஞாயித்துக்கிழமைக்குள்ள நடுவர் இல்லைன்னா இந்த வருஷம் ரெண்டு பள்ளிக்கும் போட்டியே இல்லைன்னு கழகத்துல சொல்லிட்டாங்க.”

“எங்க டீம்ல பாதிப் பேருக்கு இது கடைசி வருஷம்ண்ணே” என்றார் டீச்சர்.

“எம் பொண்ணுக்கும் கடைசி வருஷம்தாம்மா.”

வாத்தியார் மேஜையில் கிடந்த ஒரு பேரிங்கை எடுத்து விரலால் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தார். அவளைச் செட்டராக்கியவர் அவர்தான்.

“அவ கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க” என்றார் நிமிராமலே. “நாளைக்குச் சொன்னாக்கூடப் போதும்.”

நடுவர் வேலையில் முதல் பாடம், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்கக் கூடாது என்பது. யோசிக்கிறான் என்று தெரிந்தால் இரண்டு பக்கமும் ஏறி மிதிக்கும். பார்த்த கணத்தில் ஊதிவிட வேண்டும். மோட்டார்காரருக்குக் கை அப்படியே பழகிப்போயிருந்தது.

“கேக்க என்ன இருக்கு? வர்றேன்னு சொல்லுங்க” என்றார்.

ஸ்கூட்டர் போனபிறகுதான் தன் குரல் எவ்வளவு தெம்பாக இருந்தது என்பது அவருக்கே உறைத்தது.

சாயங்காலம் மகளிடம் சொன்னார். அவள் புது டீம் சட்டையை மடியில் வைத்து, ஏழாம் எண்ணின் ஓரம் பிரிந்திருந்ததைத் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசியை நிறுத்தவில்லை.

“யோசிச்சுச் சொல்றேன்னு சொன்னியா?”

“இல்ல.”

“என்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்னு?”

சமையலறையில் ஒரு பாத்திரம் வேண்டுமென்றே கீழே விழுந்தது.

“நான் ஆடினா யாரும் ஆட முடியாது. நான் ஆடலைன்னா எல்லாரும் ஆடலாம். அதானே?”

“அதான் பாப்பா.”

“நியாயந்தான்” என்று அவள் நூலைப் பல்லால் கடித்தாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவர் அன்று சாப்பிட்டிருப்பார்.

போட்டி நடந்தது. மகளுக்குப் பதிலாகச் செட்டர் இடத்தில் நின்றவள் பேக்கரிக்காரர் பெண். நல்ல பெண், உழைப்பாளி. பயந்த விரல்கள். பந்து அவள் கையில் இரண்டு தடவை பட்டுத்தான் மேலே போகும். அப்படிப் பட்டால் தப்பு. மோட்டார்காரர் விசில் ஊதி, மேடைமேல் நின்று இரண்டு விரலைக் காட்டினார். திரும்பவும் பட்டது. திரும்பவும் காட்டினார். ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண் தண்ணீர்க் குடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே சட்டையைப் போட்டுக்கொண்டு மகள் உட்கார்ந்திருந்தாள். பந்து மேலே வரும்போதெல்லாம் அவளுடைய இரண்டு கையும் மடியிலிருந்து கொஞ்சம் எழும்பி, பிறகு மடியிலேயே இறங்கின. அதை அவர் பார்த்திருக்கக் கூடாது. நடுவர் பந்தைத்தான் பார்க்க வேண்டும்.

தென்கரை தோற்றது. மச்சான் மேடையின் கம்பியைப் பிடித்து உலுக்கினார்.

“சொந்தப் பொண்ணை உக்கார வெச்சு எங்க கழுத்தை அறுத்துட்டியே மாமா! பொறந்த ஊரு புத்தி போகுமா?”

ஜெயித்தவர்களும் சும்மா இல்லை. “பெத்த பொண்ணையே ஆட விடாதவன் நமக்கு என்னடா நியாயம் செஞ்சிருப்பான்? இன்னும் அஞ்சு பாயிண்ட் வந்திருக்கணும் நமக்கு!” என்றது வடகரை. இரண்டு ஊரும் ஒரே குரலில் பேசிய முதல் நாள் அது.

அப்பாவும் மகளும் பாலத்தின் வழியாக நடந்தார்கள். பாதி தூரம் வந்ததும் அவள் கேட்டாள்.

“அந்தப் பொண்ணு கையில நிஜமாவே ரெண்டு தடவை பட்டுச்சாப்பா?”

“பட்டுச்சு.”

“எல்லாத்துலயுமா?”

“எல்லாத்துலயும்.”

“அப்ப சரி” என்றாள். வீட்டுக்கு வந்து சட்டையைத் துவைத்து, காய்ந்ததும் மடித்து, வாத்தியாரிடம் கொடுத்துவிட்டு வந்தாள். கயிற்றில் தொங்கிய பந்தை அதற்கப்புறம் தொடவில்லை. அவரும் அதை அவிழ்க்கவில்லை. வெயிலில் காய்ந்து, தோல் உரிந்து, ஒரு நாள் தானாகக் காற்றிறங்கிப்போனது.

பள்ளி முடிந்ததும் நர்சிங் படிக்க அவள் நகரத்துக்குப் போய்விட்டாள். மறு வருஷம் மோட்டார்காரர் மூட்டு வலி என்று சொல்லி விசிலை விட்டுவிட்டார். இரண்டு பள்ளியும் தேடி அலைந்து, கடைசியில் அதே தபாலாபீஸ் கிளார்க்கின் வீட்டுக்குப் போய்க் கெஞ்சின. அவர் வந்தார்.

மோட்டார்காரர் கூட்டத்தோடு நின்று பார்த்தார். கிளார்க் தப்பாக ஊதினார், சரியாகவும் ஊதினார். இரண்டு கரையும் அவருடைய ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டின. ஒரு செருப்பு பறந்தது. வலையில் சிக்கித் தொங்கியது. அதை எடுத்துக் கொடுத்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். மச்சான் இரண்டு முறை எழுந்தார், பக்கத்திலிருந்தவர்கள் வேட்டியைப் பிடித்து உட்காரவைத்தார்கள். வேறொன்றும் நடக்கவில்லை. பேக்கரிக்காரர் இளைய மகள் அழகாகப் பந்து தூக்கிக் கொடுத்தாள், பேக்கரிக்காரர் தொண்டை கிழியக் கத்தினார்.

அன்று சாயங்காலம் மகள் போன் செய்தாள். அவர்தான் எடுத்தார்.

“மேட்ச் நடந்துச்சாப்பா?”

“நடந்துச்சு.”

“யாரு ஊதினது?”

“அந்தக் கிளார்க்தான்.”

“அடிச்சாங்களா?”

பொய் சொல்லலாம் என்று அவருக்குத் தோன்றியது. வராத பழக்கம்.

“இல்லம்மா. யாரும் ஒண்ணும் பண்ணல.”

அந்தப் பக்கம் யாரோ வாளியில் தண்ணீர் பிடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

“சரிப்பா” என்றாள். “அம்மாகிட்ட குடு.”

அவர் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றார். இரண்டு கரையிலும் இன்றைக்கும் அவரை நேர்மையான மனிதர் என்றுதான் சொல்கிறார்கள். திட்டுகிறவர்களும் அதைச் சொல்லிவிட்டுத்தான் திட்டுகிறார்கள். மகள் ஆட இருந்த ஒரே வருஷத்தில் அவர் விசிலைக் கீழே வைக்கவில்லை.