கொச்சிக்காய்க் கை

உம்மாவின் இடது கண்ணில் படர்ந்திருந்த வெள்ளையைச் சத்திரசிகிச்சை செய்து எடுத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அன்று நான் குசினியில் கொச்சிக்காய் மிளகாயில் சோஸ் செய்துகொண்டிருந்தேன்.

சாய்ந்தமருதில் எங்கள் வீட்டுப் பின்வளவு வெறும் கடல்மணல். மாட்டெருவும் மீன் கழுவிய தண்ணீரும் போட்டு அதில் ஏழு கொச்சிக்காய்க் கன்றுகளை வளர்த்திருந்தேன். அந்தமுறை எல்லாம் ஒரேயடியாகப் பழுத்துவிட்டன. கடைச் சோஸில் வெறும் சீனிதான், நான் செய்து தருகிறேன் பாருங்கள் என்று பிள்ளைகளிடம் பெருமையடித்திருந்தேன். காம்பு கிள்ளி, பிளந்து, விதைகளை வெறும் விரலாலேயே வழித்தெடுத்தேன். உள்ளிப்பூண்டும் வினாகிரியும் உப்பும் சேர்த்து அரைத்து அடுப்பில் ஏற்றியதும் வீடே இருமியது.

பின்னேர அசர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. உம்மாவுக்குச் சொட்டு மருந்து விடும் நேரம். சவர்க்காரம் போட்டுக் கை கழுவினேன், ஒரே ஒரு தடவை. சோஸ் அடிப்பிடித்துவிடும் என்ற அவசரம். கீழிமையை விரலால் இழுத்துப் பிடித்து மருந்தை விட்டேன்.

"யா அல்லாஹ்! கண்ணு பத்துது மகள், கண்ணு பத்துது!"

உம்மா கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு துடித்தா. என் விரல் நுனிகள் எரிந்துகொண்டிருந்ததை அப்போதுதான் உணர்ந்தேன். என்ன நடந்தது என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"மருந்து அப்பிடித்தான் உம்மா, கொஞ்சம் எரியும்."

பொழுதுபடுவதற்குள் கண் இரத்தமாகச் சிவந்து வீங்கிவிட்டது. முச்சக்கர வண்டியில் கண் டொக்டரிடம் கொண்டுபோனோம். வெளிச்சம் அடித்துப் பார்த்தவர் என் பக்கம் திரும்பினார்.

"மருந்து விடக்குள்ள கையில ஏதும் பட்டிருந்ததா?"

"சவுக்காரம் போட்டுத்தான் கழுவினேன் டொக்டர்."

அது உண்மைதான். அந்த உண்மைக்குப் பின்னால்தான் ஒளிந்துகொண்டேன். நான் வேறு ஏதும் சொல்வதற்குள் உம்மா முந்திக்கொண்டா: "மருந்துதான் எனக்கு ஒத்துக்கொள்ளல்ல டொக்டர்." அவர் வேறு மருந்து எழுதித் தந்தார்.

அதற்குப் பிறகு உம்மா மருந்து விட என்னைக் கூப்பிடவில்லை. இரண்டு வீடு தள்ளியிருக்கும் தங்கச்சி, ஒரு நாளைக்கு நான்கு முறை அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். சோஸ் நன்றாகவே வந்திருந்தது. பொரித்த மீனுக்குத் தொட்டுக்கொண்டு எல்லோரும் புகழ்ந்தார்கள். நான் அதைத் தொட்டும் பார்க்கவில்லை.

ஒரு வாரம் கழித்துத் தங்கச்சி வரப் பிந்திய ஒரு காலையில் உம்மாவின் காலடியில் போய் உட்கார்ந்தேன்.

"உம்மா, அண்டைக்கு எரிச்சது மருந்தில்ல. என்ட கையில கொச்சிக்கா இருந்த. நான் பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்," என்றா. "உன்ட விரல்ல உள்ளி மணந்த."

"அப்ப ஏன் டொக்டர்ட்ட சொல்லல்ல?"

"பெத்த புள்ளய அந்நியனுக்கு முன்னால காட்டிக் குடுக்கவா?"

நான் அழுதேன். உம்மா என் தலையைத் தடவிவிட்டு, "சரி, இண்டைக்கு நீயே விடு," என்றா.

தேங்காயெண்ணெய் பூசி, சவர்க்காரம் போட்டு, மூன்று முறை கழுவிவிட்டு வந்தேன். விரலைப் பக்கத்தில் கொண்டுபோனதும் அந்த இமை தானாக இறுக மூடிக்கொண்டது.

"திறங்க உம்மா."

"திறக்கத்தான் மகள் பாக்கிறேன்," என்றா.

இமை நடுங்கியதே தவிரத் திறக்கவில்லை. மருந்துப் போத்தலை மூடி வைத்துவிட்டுத் தங்கச்சிக்குப் போன் எடுத்தேன்.